சம்பந்தி வீட்டு டிரம்

மூடியைத் திறக்கக் கூடாது என்று குழந்தைவேலுவுக்கு நன்றாகத் தெரியும். வீடியோவில் சம்பந்தி எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் சொல்கிறார், மூடியத் தொறந்தா சூடு போயிருமுங்க, கரி காத்தைக் குடிச்சுப்போட்டுத் திகுதிகுன்னு எரியுமுங்க, பொறுமைதானுங்க இதுல பாதிச் சமையல் என்று, சொல்லி முடித்ததும் ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் கை தானாக மூடியின் பிடிக்குப் போனது. திறந்தார். புகை முகத்தில் அடித்தது, கண் கரித்தது, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இடுப்பு உயர எண்ணெய் டிரம், அடியில் கம்பிக் கூடையில் கருவேலங்கரி கனிந்துகொண்டிருக்கிறது, டிரம்மின் வாய்க்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி, கம்பியில் ஒரு கொக்கி, கொக்கியில் மசாலா பூசிய முழு ஆட்டுத் தொடை. இருக்கிறது, விழவில்லை. ஆனால் கொக்கி குத்திய இடத்தில் சதை கொஞ்சம் நீண்டிருக்கிற மாதிரி இருந்தது. முன்னே பார்த்தபோதும் இப்படித்தான் இருந்ததா, இப்போதுதான் நீண்டதா, சொல்ல முடியவில்லை. ஒரு சொட்டு மசாலா கரியில் விழுந்து சுர்ரென்றது, காற்றைக் கண்ட கரி நாக்கை நீட்டியது, அவசரமாக மூடினார். ஈரோட்டு வெயில் மொட்டை மாடியில் காலை வைக்கவிடாமல் காய்ந்தது. சாப்பாட்டு நேரத்துக்குப் பையன் வந்துவிடுவான், அதற்குள் இது வெந்து, சிவந்து, மணந்து, அவன் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, அதற்கப்புறம் அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

பையன் என்றால் நவநீதன், ஒரே பிள்ளை, பெங்களூரில் வேலை, கல்யாணமாகி இரண்டாவது வருஷம் நடக்கிறது. பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்கு வருகிற வழியில் ஓசூர் இருப்பது யாருடைய தப்பும் இல்லை. மருமகள் மதுமிதாவின் அப்பா ஜெகநாதன் அந்த ஓசூரில் பார்த்து லேத் பட்டறை போட்டதும் தப்பில்லை, அது பையன் பிறக்கும் முன்னாலேயே போட்டது. ஆனால் சனிக்கிழமை காலையில் கிளம்புகிற கார் ஓசூரில் நிற்கிறது, நின்றால் நின்றதுதான், ஞாயிறு சாயங்காலம் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. ஈரோடு என்று ஓர் ஊர் இருப்பது காருக்கு மறந்துபோகிறது. இந்த வாரம் முடியலீங்கப்பா, அடுத்த வாரம் பாக்கறேன் என்று போனில் சொல்வான், அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டாம் என்கிற மாதிரி, மாமா ஒண்டியா இருக்காருங்கப்பா என்று ஒரு வரி சேர்ப்பான். அந்த வரியில் பொய்யும் இல்லை. மனுஷன் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு அந்தப் பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கிறவர். அவர்மேல் கோபப்பட்டால் கோபப்படுகிறவன்தான் மனுஷனில்லை. குழந்தைவேலு கோபப்படவும் இல்லை. முதலில் அதைக் கவலை என்று வைத்துக்கொண்டார், அடிக்கடி கார் ஓட்டுகிறானே என்று. பிறகு நியாயம் என்று வைத்துக்கொண்டார், ஒரு வாரம் அங்கே என்றால் ஒரு வாரம் இங்கே வேண்டாமா என்று. எந்தப் பெயர் வைத்தும் நிற்கவில்லை, அது பொறாமை, பச்சைப் பொறாமை, அறுபத்திரண்டு வயதில் ஓர் ஆம்பளைமேல் இன்னோர் ஆம்பளைக்கு, அதுவும் பெண் விஷயத்தில்கூட இல்லை.

சம்பந்தி வீட்டுக்கு இந்த மாதிரி ஒரு டிரம் வந்த பிறகுதான் இது முற்றியது. சம்பந்தி தன் பட்டறையிலேயே வெட்டி, ஒட்டி, அடியில் காற்றுக்கு ஓர் ஓட்டை விட்டு, ஓட்டைக்கு ஒரு தகடு வைத்து, டிரம்முக்குள் கறியைத் தொங்கவிட்டுப் புகையில் வேகவைக்கிற அந்தச் சங்கதியைச் செய்தார். செய்தது அவர், ஆனால் யோசனை கொடுத்தது நவநீதன், ஏதோ வெளிநாட்டுக்காரன் செய்வதைப் பார்த்துவிட்டு. இவரிடம் அப்படி ஒரு யோசனையை அவன் கொண்டுவந்ததே இல்லை. கொண்டுவந்திருந்தால், என்று நினைத்தார், கொண்டுவந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன். எதுக்கு என்று கேட்டிருப்பார். கூட்டுறவு நூற்பாலையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பர், சீட்டு இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போனதில்லை, எவன் வந்து ஜன்னலில் நின்றாலும் முதல் வார்த்தை எதுக்கு. வீட்டிலும் அதே வார்த்தைதான் வாயில் வந்தது, வரத்தானே செய்யும், அதில் என்ன குற்றம், கேட்டுவிட்டு வாங்கிக் கொடுக்காமலா இருந்தார். சம்பந்தி எதுக்கு என்று கேட்கமாட்டார் போலிருக்கிறது. அட, செஞ்சு பாத்திரலாம் மாப்ள என்று சொல்லியிருப்பார், அந்தச் சிரிப்போடு. சொல்லிவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டியிருப்பார், மாப்பிள்ளைக்கும் ஒன்றை மாட்டிவிட்டிருப்பார்.

வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டது மதுமிதா. அதை இவர் எத்தனை தடவை பார்த்தார் என்பது போனுக்கு மட்டும்தான் தெரியும். பார்க்காமலும் முடியாது, இந்த வேலை எப்படி என்று சொல்லித்தர இவருக்கு அதைத் தவிர வேறு கதியில்லை, வெளிநாட்டுக்காரன் பேசுவது புரியவில்லை, சம்பந்தியை போனில் கேட்பதைவிடக் கறியைப் பச்சையாகத் தின்றுவிடலாம். அதனால் எவன் முகத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறதோ அவனிடமே பாடம் படிக்க வேண்டியதாயிற்று. அப்படிப் பார்த்தேதான் இங்கே ஒரு பட்டறையில் தனக்கும் ஒரு டிரம் செய்து வாங்கினார், ஞாயிற்றுக்கிழமை டிரம் கறி, வந்துவிடு என்று பையனுக்கும் சொன்னார். கரி எவ்வளவு உயரம், நிறுத்திப் பார்த்துக்கொள். கொக்கி எந்தப் பக்கம், நிறுத்திப் பார்த்துக்கொள். அடுத்து அந்த இடம் வரும், நவநீதன் குனிந்து ஊதும்போது நெற்றியில் வேர்வை வழிகிறது, சம்பந்தி பேச்சை நிறுத்தாமல், பார்க்கக்கூட இல்லாமல், தன் தோள் துண்டை எடுத்து அவன் நெற்றியை ஒற்றிவிட்டு மறுபடி தோளில் போட்டுக்கொள்கிறார், இவனும் ஒற்றக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான், சின்னப் பிள்ளை மாதிரி. அந்த இடத்தில் நிறுத்த வேண்டிய பாடம் எதுவும் இல்லை. குழந்தைவேலு அங்கேயும் நிறுத்துவார். அந்தத் துண்டு சுத்தமாக இருந்ததா, பட்டறைத் துண்டுதானே, கிரீஸ் இருந்திருக்குமே, முகத்தில் கட்டி கிளம்பினால் யார் பார்ப்பது என்றெல்லாம் யோசித்துவிட்டு, தன் துண்டை எடுத்து ஒருமுறை முகர்ந்தும் பார்த்திருக்கிறார்.

வீடியோவில் ஒன்று மட்டும் இல்லை. அது தொடங்கும்போதே கறி மசாலாவில் சிவந்து கொக்கியில் தொங்குகிறது, அதற்கு முன்னால் அதை என்ன செய்தார்கள் என்று காட்டவில்லை. பச்சைக் கறியா, வேகவைத்ததா. தண்ணீர் இல்லாமல், சட்டி இல்லாமல், சும்மா அந்தரத்தில் தொங்கினால் ஆட்டுத் தொடை எப்படி வேகும், இது அவருக்கு விளங்கவே இல்லை. ருக்குமணியிடம் கேட்டார். தண்ணியில்லாம எங்கீங்க வேகும், ஊட்ல வேகவெச்சுத்தான் மாட்டியிருப்பாங்க, புகை வாசத்துக்குத்தான் இருக்கும் என்று அவள் அடித்துச் சொன்னாள். முப்பத்தைந்து வருஷம் குக்கரில் கறி வேகவைத்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முழுத் தொடையை வெட்டாமல் கொடு என்றபோது கறிக்கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தார், பாதி வழியில் கத்தி தானாக இறங்கப் போனதை இவர் கைநீட்டித் தடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் பெரிய குக்கரை இறக்கி, தொடையை வளைத்துத் திணித்து, மஞ்சளும் உப்பும் போட்டு அடுப்பில் ஏற்றினார். ரெண்டு விசில் போதுமுங்க, இளசு என்றாள் ருக்குமணி. கிழடாக இருந்துவிட்டால், பையன் மென்றுகொண்டே இருந்து, நல்லா இருக்குங்கப்பா என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டால், அதை நினைத்ததும் மேலே இன்னும் ரெண்டு விட்டார், ஆக நாலு விசில். ஆறவைத்து மசாலா பூசும்போதே சதை விரலுக்கு இணங்கியது. கொக்கி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அப்போதே ஒரு பயம் வந்தது, எலும்பு ஒட்டிய நரம்பாகப் பார்த்து மாற்றிக் குத்தினார், அது தாங்கிக்கொண்டது. இப்போது அந்த நரம்பை நம்பித்தான் எல்லாம் இருக்கிறது, அதனால்தான் மூடியை விட முடியவில்லை.

ஒருவேளை அவர்கள் வேகவைக்காமலே மாட்டியிருந்தால். இந்த நினைப்பு இப்போதுதான் வந்தது, கற்பூரம் வைத்துக் கரி பற்றவைத்து இவ்வளவு நேரம் ஆன பிறகு. சூடு மூடியிலேயே இப்படிக் கொதிக்கிறது, உள்ளே எப்படி இருக்கும், இந்தச் சூட்டில் பச்சைக் கறியே வெந்துவிடாதா. ஒரு வார்த்தை நவநீதனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் சொல்லியிருப்பான், இருங்கப்பா, மாமாகிட்டக் கேட்டுச் சொல்றேன் என்று சொல்லியிருப்பான். அதற்குத்தான் கேட்கவில்லை. மாமாவுக்கு எல்லாம் தெரியும். மாமாவுக்குக் கறி தெரியும், கரி தெரியும், கார் பேட்டரி தெரியும், மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். மாமா ஒண்டி. அதுதான் அவருடைய பலம் என்று மனசு ஓடியது, ஒண்டியாக இருக்கிறவனிடம் எல்லாரும் வருகிறார்கள், ஒண்டியாக இருக்கிறவன் வீட்டில் சனிக்கிழமை கார் நிற்கிறது, ஈரோட்டிலும் ஓர் ஆள் ஒண்டியாக இருந்திருந்தால், ருக்குமணி இல்லாமல், என்று போய், அங்கே வந்து நின்றுகொண்டது. குழந்தைவேலுவுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. அவ்வளவு வெயிலில். நான் நினைக்கவில்லை, நான் அதை நினைக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு மாடிப்படிக்கு நடந்தார், படி வாசலில் நின்று காது கொடுத்தார், கீழே சத்தமே இல்லை. மிக்ஸி சத்தம் இல்லை, டம்ளர் சத்தம் இல்லை. ருக்கு என்று கூப்பிட்டார். பதில் வரவில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, வந்துட்டுத்தான இருக்கறேன்" என்று பாதிப் படியிலிருந்து ருக்குமணி சொன்னாள். கையில் மோர்ச் சொம்பு. மேலே வந்து அவர் முகத்தைப் பார்த்து, என்ன இப்படி வெளுத்திருக்குது, நிழலுக்கு வாங்க என்றாள். அவர் சொம்பை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார். நீ மாத்திரை போட்டுட்டியா என்று கேட்டார். இதென்ன புதுசாக் கேக்கறீங்க என்று அவள் சிரித்தாள், டிரம்மைச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தாள், வாசம் நல்லாத்தான் வருது என்றாள். பிறகு, இவர் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோவதைக் கண்டுவிட்டு, அந்தப் பையனுக்காக இவ்வளவு பாடுபடறீங்களே, ஒரு வார்த்தை வாயைத் தொறந்து, நீ இங்க வரலீன்னா எனக்குக் கஷ்டமா இருக்குதுடான்னு சொல்லிப்போட்டா ஆகாதா என்றாள். குழந்தைவேலு மோரைக் குடித்தார். சொல்லலாம். சொன்னால் வருவான், அப்பா சொன்னாரே என்று வருவான், உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டுப் போவான். ஓசூருக்கு யாரும் சொல்லியா போகிறான். சொல்லாமல் வரவேண்டும், கறிக்காகவாவது வரட்டும், கறி என்று ஒரு சாக்கு, அப்புறம் சாக்கு இல்லாமல் வருவான். இதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியாது. உனக்கு வேலை இருக்கும், போ என்றார்.

அவள் நகர்வதற்குள் கீழே ஹாரன் கேட்டது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கார் வேப்பமர நிழலில் நின்றது, நவநீதன் இறங்கினான், கொஞ்சம் இளைத்திருந்தான், பின்பக்கம் மதுமிதா இறங்கினாள். பின்பக்கம் ஏன் உட்கார்ந்தாள் என்று அவர் யோசிக்கிற நேரத்தில் முன்பக்க இடதுகதவு திறந்து வெள்ளை வேட்டியும் தோள் துண்டுமாக ஜெகநாதன் இறங்கினார், இறங்கியதும் இடுப்பில் கைவைத்து மாடியை அண்ணாந்து பார்த்தார். சம்பந்தி, புகை ஓசூர் வரைக்கும் வந்துருச்சுங்க, அதைப் புடிச்சுட்டே வந்துட்டனுங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாங்க வாங்க என்றார் குழந்தைவேலு, வேறென்ன சொல்வது, கைகூடக் கூப்பினார். மாமாகிட்ட டிரம்முன்னு சொன்னேன், அப்புறம் இருப்புக்கொள்ளலைங்கப்பா அவருக்கு என்றான் நவநீதன் படியேறும்போது. நல்லதாப்போச்சு என்றார் இவர். இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என்று ஒன்று உள்ளே சொல்ல வந்தது, அதைச் சொம்பில் மிச்சமிருந்த மோரோடு முழுங்கினார்.

சம்பந்தி குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். டிரம்மைத் தட்டிப் பார்த்தார், அடித் தகட்டை நகர்த்திப் பார்த்தார், அடேயப்பா, தணல் பதம்னா இதுதான் பதம், என்னுதைவிடத் தகடு கனமுங்க என்றார். நவநீதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான், யாரும் சொல்லாமலே கைப்பிடித் துணியை எடுத்து அவரிடம் நீட்டினான், அவரும் பார்க்காமலே வாங்கிக்கொண்டார், இருவருக்கும் இதெல்லாம் பழகிப்போயிருந்தது. சொந்த மாடியில், சொந்த டிரம்முக்குப் பக்கத்தில், குழந்தைவேலு விருந்தாளி மாதிரி ஓர் ஓரமாக நின்றார். பாக்கலாமுங்களா என்று கேட்டுவிட்டுச் சம்பந்தி மூடியை எடுத்தார். புகை விலகியது, தொடை கருஞ்சிவப்பாக, மினுமினுப்பாக, உண்மையிலேயே அழகாகத் தொங்கியது. மதுமிதா போனை எடுத்தாள். அப்பா, செமையா இருக்குதுங்கப்பா என்றான் நவநீதன், மரியாதைக்குச் சொன்ன குரல் இல்லை அது, இவர் மகனின் குரலை அறியாதவரா. அந்த ஒரு கணம் எல்லாம் சரியாக இருந்தது. படத்துக்காகச் சம்பந்தி கம்பியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். நரம்பு தாங்கியது, சதை தாங்கவில்லை. எலும்பு மட்டும் கொக்கியோடு வந்தது, சதை அப்படியே கழன்று கீழே போனது, ஏந்திப் பிடிக்கக் கை நீட்டிய சம்பந்தியின் விரல்கள் டிரம்மின் விளிம்பில் பட்டன.

மாமா, கையக் காட்டுங்க என்று நவநீதன் அவர் மணிக்கட்டைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனான். குழாயைத் திறந்து, முதலில் வந்த வெயில் தண்ணீரைக் கீழே விட்டு, குளிர்ந்த பிறகு விரல்களை அதில் பிடித்தான், ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தான். சம்பந்தி திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எம்மேலதானுங்க தப்பு. அவசரப்பட்டுத் தூக்கிப்போட்டேன். அருமையா வந்திருந்துச்சு, கெடுத்துப்போட்டனுங்க சம்பந்தி."

உடுங்க மாமா, அதனால என்ன என்றான் நவநீதன், அவர் தோளில் கைபோட்டு. படி வாசலில் தட்டோடு நின்ற ருக்குமணி குழந்தைவேலுவைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், நாலு விசிலும் அவளுக்குத் தெரியும், சாகும்வரை சொல்லமாட்டாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மானம் போகாது, கறி நன்றாகத்தான் செய்தார் அப்பா, மாமாதான் போட்டுவிட்டார் என்று ஆகிவிடும். ஆகிவிடும், சாயங்காலம் குடும்பக் குழுவில் அதுவும் வரும், மாமா கை சுட்டுக்கொண்ட கதை, மாமா பழியை ஏற்றுக்கொண்ட கதை. காலையிலிருந்து இவர் வெந்தது, பயந்தது, விழுந்தது எல்லாம் அந்த மனுஷன் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. தோற்றதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா என்று நினைத்தார். டிரம்முக்குள் தொடை கரிமேல் கிடந்து கருகிக்கொண்டிருந்தது. இடுக்கி பக்கத்தில்தான் இருந்தது, நீட்டினால் எட்டும் தூரம். குழந்தைவேலு இடுக்கியைப் பார்த்தார். பிறகு வெறுங்கையை உள்ளே விட்டார்.

ருக்குமணியின் தட்டு விழுந்த சத்தத்தில்தான் நவநீதன் திரும்பினான். ஓடிவந்து, அவர் முழங்கையைப் பற்றி வெளியே இழுத்து, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போனான், சம்பந்தி தன் கையை எடுத்துக்கொண்டு இடம் விட்டார். தண்ணீர் பட்டதும் உயிர் போய் வந்தது. அவர் கையை அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான், பிள்ளையின் முகம் இவ்வளவு கிட்டத்தில் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது, காதோரம் ஒரு நரை ஓடியிருப்பதே இப்போதுதான் தெரிந்தது.

"இடுக்கி அங்கியே இருக்குது. எதுக்குங்கப்பா கையை உட்டீங்க?" என்றான் நவநீதன்.

"நாலு விசில் உட்டுக் குக்கர்ல வேகவெச்சுப்போட்டேன்டா. அதான் அந்துபோச்சு. அவரு மேல ஒரு தப்புமில்ல."

சம்பந்தி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். மதுமிதா ஏதோ மருந்து எடுக்கக் கீழே ஓடினாள். நவநீதன் சிரிக்கவில்லை, அப்பாவையே பார்த்தான், பிறகு குனிந்து அந்தக் கையைத் திருப்பித் திருப்பித் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தான். நல்லவேளை, மேல்தோல்தான். சம்பந்தி ஓரமாக நின்று தன் விரல்களைத் தானே ஊதிக்கொண்டிருந்தது குழந்தைவேலுவின் கண்ணில் பட்டது. பாவம் என்று நினைத்தார், நினைத்துவிட்டு, மகன் அந்தப் பக்கம் திரும்பிவிடாதபடி கொஞ்சம் நகர்ந்து மறைத்து நின்றார்.

"இப்பப் பரவாயில்லீங்களா?" என்று நவநீதன் கேட்டான்.

எரிச்சல் அநேகமாக நின்றுபோயிருந்தது.

"இல்லீடா கண்ணு" என்றார் குழந்தைவேலு. "இன்னுங் கொஞ்ச நேரம் புடி."